மாமனாரின் வேகம்

என் மனைவி வீட்டார் மாதா கோயிலில் பாட ஆரம்பித்தால் பூசை நேரத்துக்கு முடியாது. இதை நான் பொல்லாப்புக்குச் சொல்லவில்லை. அந்தக் கோயிலின் பங்கு மக்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

நான் சிங்கப்பூரில், கேலாங் சிவன் கோயில் பக்கம் வளர்ந்தவன். கல்யாணம் ஆன புதிதில் மனைவியோடு பூசைக்குப் போவேன். கத்தோலிக்கர்கள் எல்லாருமே இப்படித்தான் இழுத்து இழுத்துப் பாடுவார்கள் போலிருக்கிறது, அவர்கள் சாமிக்கு அதுதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பேன். பிறகுதான் முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி எங்களைப் பார்ப்பதைக் கவனித்தேன். மற்றவர்கள் பல்லவியை முடித்துப் புத்தகத்தில் பக்கம் புரட்டும்போது எங்கள் பெஞ்சு மட்டும் ‘மாதா’ என்ற சொல்லை இழுத்து, பாதி மாதாவில் நின்றுகொண்டிருக்கும். ஆர்கன் வாசிக்கும் பெண் ஒருமுறை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் வந்து சேரும்வரை காத்திருந்தாள். ஃபாதர் கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்தார்.

“பதறாத காரியம் சிதறாது” என்பார் என் மச்சான், மனைவியின் அண்ணன். அந்தப் பெஞ்சில் ஆக நிதானமானவர் அவர்தான்.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் பிழைப்பு அப்படி. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிறேன். தராசோ, வெப்பமானியோ, அழுத்தமானியோ, எது வந்தாலும் அது சொல்வது மெய்யா என்று சோதித்து, மெய்யென்றால் பச்சை ஸ்டிக்கர், பொய்யென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு கெடுதல், வீட்டுக்கு வந்தாலும் கை அடங்காது. எங்கள் பொங்கோல் வீட்டில் சமையலறைத் தராசிலிருந்து சுவர்க்கடிகாரம்வரை என் கை படாதது இல்லை. குளியலறையில் இருக்கும் எடை பார்க்கும் கருவியைத் திருத்திய அன்று மனைவியின் எடை கூடிப்போனது. எடை கூடவில்லை, இத்தனை நாளாக அப்படித்தான் இருந்திருக்கிறது என்று நான் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. என் மனைவிக்கே அவர் முகம் போட்டோவில்தான் தெரியும். அவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒரு காலை வேலைக்குப் போனவர் நெஞ்சுவலி வந்து திரும்பாமலே போய்விட்டார். அவர் ஞாபகமாக வீட்டில் இருப்பவை இரண்டுதான். ஒன்று, ஊருக்குத் திரும்பிப் போன ஜப்பானிய எஞ்சினியர் ஒருவரிடம் அவர் வாங்கிய ரெக்கார்டு பிளேயர். இன்னொன்று, ஒரு சின்ன இசைத்தட்டு. பங்கின் பாடகர் குழு அந்தக் காலத்தில் கோயில் கட்டட நிதிக்காகப் பாடிப் பதிவு செய்தது. ஒரு மாதா பாட்டு. குழு பல்லவி பாடும். நடுவில் வரும் சரணத்தைத் தனியாகப் பாடுபவர் மாமனார்.

அது சாதாரணக் குரல் இல்லை. பெரிய அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல அவ்வளவு கனம். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லைத் தொடுவார். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மனைவி என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய், காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே அந்தத் தட்டைப் போட்டுக்காட்டி, “இதுதான் எங்கப்பா” என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பின்னணியில் பல்லவி பாடிய குழு முழுக்க ஆண்கள் என்று நினைத்தேன். அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் இல்லை.

வருஷா வருஷம் மாமனாரின் நினைவு நாளில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். செபம் சொல்லி, ஆட்டுக்கறி சாப்பிட்டு, கடைசியில் அந்தத் தட்டைப் போட்டு எல்லாரும் எழுந்து நின்று கூடவே பாடுவார்கள். அன்று மட்டும்தான் அந்தப் பிளேயர் பெட்டி திறக்கும். தட்டு தேய்ந்துவிடும் என்று பயம். மச்சான் ஒரு வருஷம் அதைப் போனில் பதிவு செய்தார். அதில் மாமனாரைவிடக் குக்கர் விசில் நன்றாகக் கேட்டது. என் மனைவி அதை ஒரு தடவை கேட்டுவிட்டு, “இது போனு. அப்பா இல்ல” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அப்பா என்றால் அந்தப் பெட்டிதான், அந்த ஒரு சரணம்தான்.

இந்த வருஷம் நினைவு நாள் நெருங்கியபோது அவள் பெட்டியைத் துடைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். மாமனாரின் குரல் நடுங்கியது. நீட்ட வேண்டிய இடத்தில் நெளிந்தது.

“அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க” என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தவள்போல ஓடிவந்தாள்.

“ஒண்ணும் ஆகல. பெல்ட்டு தளர்ந்திருக்கும். புதுசு போட்டா சரியாயிடும்.”

“பழையபடி ஆக்கிக் குடுங்க, போதும். உங்க ஃபேக்டரி புத்திய வச்சு வேற எதையும் நோண்டாதீங்க. ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்” என்றேன்.

சுழலும் தட்டைக் கழற்றினால் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார், அதன் முனையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு பித்தளைக் கப்பி, கப்பியையும் தட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட். பெல்ட் கிழவியின் வளையல்போல லொடலொடவென்று தொங்கியது. கப்பியைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ பிசின் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பளபளவென்று துடைத்தேன். புது பெல்ட் மாட்டி ஓட்டினால் நடுக்கம் போய்விட்டது. மாமனார் பழையபடி அண்டாவுக்குள்ளிருந்து பாடினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் எனக்கு இரண்டு முட்டையில் ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள்.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆம்லெட்டைச் சாப்பிடும்போதே எனக்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. நன்றாகக் கேட்கிறது, சரி. ஆனால் சரியான வேகத்தில் ஓடுகிறதா? தொழிற்சாலையில் யாராவது ஒரு கருவியைக் கொண்டுவந்து “ஓக்கேதான் பாஸ், பாத்தாலே தெரியுது” என்றால் நான் அவரை வாசலோடு திருப்பி அனுப்புகிறவன். என் வீட்டிலேயே ஓர் இயந்திரம் காதுக்குத் தோன்றிய வேகத்தில் ஓடலாமா? நான் கொடுத்த ப்ராமிஸ் நோண்டுவதைப் பற்றியது. அளந்து பார்ப்பது நோண்டுவதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.

தேக்கா பக்கம் பழைய இசைத்தட்டு விற்கும் மாடிக்கடை ஒன்று உண்டு. அங்கே இதற்கென்றே ஒரு வட்டக் காகிதம் விற்கிறார்கள். அதில் வளையம் வளையமாகக் கறுப்புக் கோடுகள். சுழலும் தட்டின்மேல் அதை வைத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ட்யூப் லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். வேகம் சரியாக இருந்தால் அந்தச் சிமிட்டலில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். மெதுவாகச் சுற்றினால் பின்னால் நகரும், வேகமாகச் சுற்றினால் முன்னால் ஓடும். எனக்கு அதைக் கையில் வாங்கியபோதே புல்லரித்தது.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் கோடும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல் கலங்கல். எங்கள் வீட்டில் எல்லாமே எல்இடி விளக்கு. பழையதையெல்லாம் கழற்றி எறிந்து மாற்றியவன் நானேதான். புது விளக்குக்கு இந்தச் சிமிட்டல் கிடையாது. லிஃப்ட் வாசல், கீழ்த்தளம், கார் நிறுத்துமிடம் என்று விளக்கை அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று வந்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கே எல்இடிக்கு மாறிவிட்டிருந்தது. ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. கை கழுவும் இடத்துக்கு மேல் அவர்கள் வைத்திருக்கும் ட்யூப் லைட் என் அப்பா காலத்தது. அதன் ரீங்காரம் பல வருஷமாக என்னை எரிச்சல்படுத்தியிருக்கிறது. இப்போது அதன்மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

சனிக்கிழமை மனைவி நினைவு நாளுக்குக் கறி வாங்கப் போனாள். நான் பிளேயரைத் துண்டில் சுற்றி மார்க்கெட் ட்ரோலியில் வைத்தேன். ஜப்பான் சாமான் என்பதால் நம் ஊர் மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர் வேறு அதற்கு உண்டு, செங்கல் கனம். அது முதுகுப்பையில். பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயில் மாற வேண்டியதில்லை என்று அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

டீக்கடைக்காரர் ட்ரோலிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, தோசைக்கல்லா?”

“ரெக்கார்டு பிளேயர். கொஞ்ச நேரம் கரண்ட் வேணும்.”

“ஏன், உங்க வீட்ல கரண்ட் இல்லயா?”

“கரண்ட் இருக்கு. லைட்டுதான் சரியில்ல.”

“புது லைட்டு மாட்டுறதுதானே?”

“எல்லாம் புது லைட்டுதான். அதான் சரியில்ல. உங்க பழைய லைட்டு வேணும்.”

அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வாடிக்கையாக டீ குடிப்பவன் என்பதால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காலி செய்து கொடுத்தார்கள்.

காகிதத்தை வைத்துத் தட்டைச் சுழலவிட்டேன். கோடுகள் நிற்கவில்லை. கொஞ்சமாக நகரவும் இல்லை. துரத்திவிட்டதுபோல் பின்னால் ஓடின. இது பெல்ட் தளர்ந்த கோளாறு இல்லை. பிளேயரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்னத் தகடு, முழுக்க ஜப்பானிய எழுத்து. என்னால் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்று: அறுபது.

எனக்குப் பொறி தட்டியது. நம் ஊர் மின்சாரம் ஒரு நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. ஜப்பானில் பாதி நாட்டில் அறுபது. இந்த மாதிரி மோட்டார் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் அழுத்தத்தைக் குறைக்குமே தவிர துடிப்பை மாற்றாது. அறுபதுக்குச் செய்த மோட்டார் ஐம்பதில் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். ஆக, இந்தப் பெட்டி சிங்கப்பூரில் கால் வைத்த நாளிலிருந்து மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. குடும்பமே அதைக் கேட்டுத்தான் பாடப் பழகியிருக்கிறது. பெஞ்சு மொத்தமும் ஏன் பாதி மாதாவில் நிற்கிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கப்பி பெரிதானால் தட்டு வேகமாகச் சுற்றும். பார்சல் ஒட்டும் டேப்பைக் கடைக்காரரிடம் வாங்கி, ஒடுக்கமாக வெட்டி, கப்பியைச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தேன். சில சுற்று சுற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன், மறுபடி சுற்றுவேன். பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வந்து சுற்றி நின்றார்கள்.

“இப்ப ஓட்டம் கொறஞ்சிருக்கு.”

“ஆமை மாதிரி போவுது பாருங்க. இன்னும் ரெண்டு சுத்து போடுங்கண்ணே.”

“ரெண்டு ஜாஸ்தி. ஒண்ணு போதும் லா.”

ஒன்று போதுமானதாக இருந்தது. கோடுகள் தயங்கி, ஊர்ந்து, அப்படியே நின்றுவிட்டன.

“நின்னுடுச்சு!” என்றார் ஒருவர்.

“தட்டு சுத்துதுல்ல?”

“சுத்துது. ஆனா நிக்குது.”

“எங்க வீட்டுக்காரரு மாதிரிதான்” என்றார் கல்லாவிலிருந்த அம்மா.

நான் பர்ஸில் எப்போதும் வைத்திருக்கும் பச்சை ஸ்டிக்கரை எடுத்துப் பிளேயரின் பக்கவாட்டில் ஒட்டினேன். அந்தக் கடையில் அன்று எனக்கு டீ இலவசம்.

வீட்டில் மனைவி கறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரை இணைத்து, ஊசியை வைத்தேன். முதலில் பல்லவி வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்கள் என்று நான் நினைத்திருந்த குழுவில் பாதிப்பேர் பெண்கள். கணீரென்று, உற்சாகமாகப் பாடினார்கள். அப்புறம் மாமனார் வந்தார். மெல்லிசான குரல். கொஞ்சம் மூக்கிலிருந்து வந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்போல விறுவிறுவென்று சரணத்தைப் பாடிவிட்டுப் போயே போய்விட்டார்.

மனைவி ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள்.

“யாரு இது?”

“மாமாதான்! இதுதான் சரியான வேகம். இத்தன வருஷமா மோட்டாரு...” என்று ஆரம்பித்து ஐம்பது, அறுபது எல்லாவற்றையும் சொன்னேன். கையால் வட்டம் போட்டும் காட்டினேன். அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கப்பா நிதானமானவருங்க” என்றாள். “நான் எதாவது பெரிசா முடிவு எடுக்கணும்னா அந்தக் குரலத்தான் மனசுக்குள்ள கேப்பேன். பரீட்சைக்கு, வேலைக்கு, உங்களக் கட்டிக்கிறதுக்குக் கூட. அது சரின்னு சொல்ற மாதிரி இருக்கும். இந்த ஆளு யாரு? இவர எனக்குத் தெரியவே தெரியாது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று புரிந்தது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“ஆனா இதுதான் உண்மை” என்றேன்.

கோபம் எல்லை தாண்டினால் என் மனைவி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். “தேங்க் யூ. பிளீஸ் கோ அண்ட் டேக் யுவர் பாத்” என்றாள்.

குளித்துவிட்டு வந்து, டேப்பை எடுத்துவிடுகிறேன், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“எடுத்து என்ன ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே அதக் கேட்டாலும் பொய்யின்னுதான் தோணும். நாளைக்குத் தட்டு போட வேணாம்.”

எடை கூடியதுபோல இது இல்லை. அவளிடமிருந்து அப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன் என்று நினைக்கும்போது அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். பூசையில் எங்கள் பெஞ்சு வழக்கம்போல் பின்தங்கியது. என் மனைவி மட்டும் பாடவே இல்லை. வீட்டில் செபம் முடிந்து, சாப்பாடும் பாதி ஆனபோது மச்சான் கேட்டார், “என்ன, பெட்டிய இன்னும் தொறக்கலயா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். மச்சான் சிரித்தார்.

“அப்பா போனப்ப எனக்கு ஏழு வயசு. அவரு குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கோயில் மணி மாதிரி இருக்கும். உங்க டேப்புதான் தப்பு, மச்சான். போடுங்க பாப்போம்.”

நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போட்டேன்.

மச்சான் முதல் வரியிலேயே பதறிவிட்டார். அவர் பதறி நான் பார்த்தது அன்றுதான். “யாருங்க இது? வீடு விக்கிற ஏஜண்ட் மாதிரி இருக்கு!”

அப்போது சோபா மூலையில் ஏதோ சத்தம் கேட்டது. என் மாமியார் ஜூரோங்கில் மச்சானோடு இருக்கிறார். காதுக்குக் கருவி வைத்திருக்கிறார், இஷ்டமில்லாதவர்கள் பேசும்போது அதை அணைத்துவிடுவார். அன்று அது போட்டிருந்தது. மடியில் இருந்த சாப்பாட்டுத் தட்டை அவர் கீழே வைத்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவரேதான்! பாவி மனுசன், அவரேதான்!” என்றார். “பேசுறதும் இப்பிடித்தான், திங்கறதும் இப்பிடித்தான். எங்க கல்யாணத்துல ஃபாதர் செபத்த முடிக்கிறதுக்குள்ள தாலியக் கட்டிட்டாரு. கோயிலே சிரிச்சுது.”

மனைவி சன்னலிலிருந்து திரும்பினாள்.

“பின்னால மேல போவுதே ஒரு கொரலு, அது நான்தான்” என்றார் மாமியார். “இத்தன வருசமா எரும கத்துற மாதிரி கேட்டுட்டிருந்தேன்.”

“அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை, இது மெதுவா ஓடுதுன்னு?” என்றேன்.

“தெரியாம? பொட்டி வந்த அன்னிக்கே மெதுவாத்தான் ஓடுச்சு. ‘என்னாடி, என் கொரலு இப்பிடி இருக்கு’ன்னு அவருக்குத் தாங்கல. மறுநாளே பட்டறையிலேர்ந்து டேப்பு கொண்டாந்து, உள்ள சுத்திச் சரி பண்ணிட்டாரு. நீங்க இப்ப சுத்தியிருக்கீங்களே, அதே மாதிரிதான்.”

ஸ்பிரிட் போட்டு நான் துடைத்தெறிந்த பழுப்புப் பிசின் எனக்கு ஞாபகம் வந்தது. மாமனாரும் என் ஜாதிதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

“அந்த டேப்பு எங்க போச்சு?”

“நான்தான் பிச்சுப் போட்டேன்.” மாமியார் என் மனைவியைக் கையால் காட்டினார். “அவரு போனதுக்கப்புறம் இவ தெனமும் தட்டப் போடச் சொல்லுவா. ஓடிப்போய்ப் பொட்டிகிட்ட ஒக்காருவா. ஒக்கார்றதுக்குள்ள அந்த மனுசன் பாடி முடிச்சிடுவாரு. அப்பா போயிட்டாருன்னு அழுவா. இருந்தப்பதான் ஒரு எடத்துல நிக்கல. பொட்டிக்குள்ளயாவது பிள்ளைகிட்ட கொஞ்ச நேரம் நின்னு பாடட்டுமேன்னு பிச்சுட்டேன்.” சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “கறியில உப்பு கம்மி.”

மனைவி மெதுவாக வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ போடுங்க” என்றாள் என்னிடம்.

தட்டு போட்டால் எழுந்து பாட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். எல்லாரும் எழுந்தார்கள். பல்லவியிலேயே இரண்டு சொல் பின்தங்கினார்கள். சரணம் வந்ததும் மாமனார் பிய்த்துக்கொண்டு ஓடினார், பிள்ளைகள் துரத்தினார்கள். மச்சான் மூன்றாவது வரியில் மூச்சு வாங்கி, விட்டதைப் பிடிக்கப் போய் நான்காவது வரியையும் விட்டார். வாழ்நாள் முழுக்கப் பாடிய பாட்டு, ஒருவராலும் கூடப் போக முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மாமியார் மட்டும், உடைந்த குரலில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் தவறாமல் அவரோடு சேர்ந்து ஓடினார்.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடினாள், பாட முடியாமல் நிறுத்தினாள், பிடிக்கப் பார்த்தாள், மறுபடியும் விட்டாள். கடைசி வரி வந்தபோது பெட்டியின்மேல் கையை வைத்து, “அப்பா, கொஞ்சம் நில்லுங்கப்பா!” என்றாள். நேற்று ‘இந்த ஆளு’ என்றவள். அப்படிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோய்க் குரல் உடைந்துவிட்டது. அதற்குள் பாட்டும் முடிந்திருந்தது.

மாமியார் கண்ணைத் திறந்தார். அரை நூற்றாண்டு கழித்துத் தன் புருஷன் குரலைக் கேட்டவர். இரண்டே இரண்டு முறைதான் கேட்டிருந்தார்.

“மாப்பிள்ள, அந்த டேப்பப் பிச்சுடுங்க” என்றார். “பாருங்க, மறுபடியும் அழறா.”

பிய்த்தேன். பச்சை ஸ்டிக்கரையும் சேர்த்துத்தான்.